சுவர்மேல் வைத்த பிராஞ்சு

தீயணைப்பு வண்டியின் மணிச்சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். வயசாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

எழுபதுகளில் சதுரங்கப்பட்டினத்தில் அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பத்திரிகையில் பேனா நண்பர் பகுதியைப் பார்த்து ஹாலந்துக்காரன் ஒருவனுக்குக் கடிதம் போட்டேன். உங்கள் ஆட்கள் கட்டிய கோட்டை எங்கள் ஊரில் இடிந்து கிடக்கிறது என்று பெருமையாக எழுதினேன். கோட்டையை அவன் சட்டையே செய்யவில்லை. அவனுக்கு வேறு பைத்தியம். லீவு நாளெல்லாம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், தீயணைப்பு நிலையங்களின் கதவைத் தட்டி, வண்டிகளைப் படமெடுப்பானாம். அவர்களும் வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தி, காபியும் கொடுப்பார்களாம். கட்டுக்கட்டாகப் படம் அனுப்பிவிட்டு, உங்கள் ஊர் வண்டியை அனுப்பு என்றான்.

இங்கே சர்க்கார் கட்டடத்துக்கு எதிரில் கேமராவைத் தூக்கினால் காபியா கொடுப்பார்கள்? அதுவும் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த நேரம். கேமராவும் கையுமாகத் திரிகிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். எனக்கு இருந்த ஒரே தைரியம் அக்கா புருஷன். பக்கத்து டவுன் நிலையத்தில் அவர்தான் வண்டி டிரைவர்.

"ஆயுத பூஜ அன்னிக்கு வா மச்சான். அன்னிக்கு எவனும் இன்னான்னு கேக்க மாட்டான்" என்றார்.

போனேன். வண்டியைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாயின் நுனியில் மாட்டுகிற பித்தளைக் குழலுக்கு பிராஞ்சு என்று பெயர். அது இல்லாவிட்டால் தண்ணீர் பீய்ச்சாது, கொட்டும். வண்டியில் இருந்ததே இரண்டு. இரண்டையும் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்து எல்லாரும் பொரி தின்றுகொண்டிருந்தபோது, இவ்வளவு பளபளக்கிறதே, படத்தில் விழட்டும் என்று ஒன்றை எடுத்து வண்டிக்குப் பக்கத்துச் சுவர்மேல் வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. ஒரு படம் எடுத்தேன். உடனே மணி அடித்தது.

கடலோரக் குப்பத்தில் தீ. கையிலிருந்த பொரியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சாமி முன்னால் கிடந்ததை ஒருவர் வாரிக்கொண்டு ஏறினார். வாழைக்கன்றோடேயே வண்டி பறந்தது. நான் கேமராவை உறையில் போட்டுத் திரும்பினேன். சுவர்மேல் பிராஞ்சு இருந்தது.

சட்டைக்குள் அதைத் திணித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். இரண்டு மைல் தூரமும் புகையைப் பார்த்தபடியே போனேன். யாராவது செத்திருந்தால்? மாமாவுக்கு வேலை போனால்? அக்கா அப்போது மாசமாக இருந்தாள். பித்தளை நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது தீ அடங்கியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மூன்று குடிசைகள் சாம்பல். கடைசிக் குடிசைக்காரி மண்ணில் உட்கார்ந்து, "இன்னோரு பைப்பு மட்டும் வேல செஞ்சிருந்தா எங்க வூடு நின்னுருக்குமே" என்று அழுதாள்.

மாமா என் கையிலிருந்து பிராஞ்சை வாங்கிக்கொண்டு ஆபீசரிடம் போனார். "சாமிகிட்ட வெச்சத எல்லாம் ஏத்தியாச்சான்னு நான்தான் சார் பாக்கல. மச்சான் எடுத்துகினு வந்தான்."

அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். சுவர்மேல் வைத்தது நான்தான் என்று நான் சொல்லவில்லை. கோழை.

மாமாவுக்கு மெமோ வந்தது, விசாரணை நடந்தது. தபால்காரர் மணியடித்தால்கூட நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். கடைசியில் வேலை தப்பியது. ஆனால் வண்டியை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, ஆபீசில் ரிஜிஸ்டர் எழுத உட்கார வைத்தார்கள். "எப்டிடா பாக்காம பூட்டேன்" என்று சாப்பிடும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொள்வார். நான் பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவிவிடுவேன்.

படச்சுருளை உள்ளூர் ஸ்டூடியோவில் கழுவக் கொடுக்கப் பயந்து, அப்படியே ஹாலந்துக்கு அனுப்பித் தொலைத்தேன். அந்தப் புண்ணியவான் அதைக் கழுவி, பெரிதாக்கி, டிரைவருக்கு என் பரிசு என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தான். நான் வேலை முடிந்து வந்தபோது உறை பிரிந்து கிடந்தது. மாமா படத்தைக் கையில் வைத்து வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா எட்த்துக்கீற மச்சான்" என்றார். அவ்வளவுதான்.

மறுவாரம் படம் சட்டம் போட்டுக் கூடத்தில் தொங்கியது. வண்டி, வாழைக்கன்று, மாலை எல்லாம் இருந்தன. அக்கா பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். சுவர் இருந்த பக்கத்தை மட்டும் மாமா கத்தரித்திருந்தார்.