டெல்மர் விரல் வைத்த ரோடு

அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே கிளம்புகிற எங்கள் கூட்டத்தில், எந்த வழியாகப் போவது நல்லது என்று யாரையாவது கேட்டுவிட்டால் தொலைந்தோம். சாயங்காலம் முகாமில் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தால் இருட்டும்வரை இதே பேச்சுதான். ஒருத்தர் ஃபிளாக்ஸ்டாஃப் மேட்டில் ஏறிப் போகச் சொல்வார். இன்னொருத்தர் வயோமிங் காற்று தன் வண்டியின் கூரை ஜன்னலைப் பிய்த்துக்கொண்டு போன கதையை வருஷம் தவறாமல் சொல்வார். பேசுவதெல்லாம் ஆண்கள். நான் நெப்ராஸ்காவில் காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், என்னை ஒரு ஜீவன் கேட்காது. கேட்டால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன் என்பது வேறு விஷயம்.

அந்த வட்டத்தில் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள் வெர்லா ஹாகன். மினசோட்டாக்காரி. பால் பண்ணையில் பிறந்து, ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலை முடிந்த கையோடு அவளும் புருஷன் டெல்மரும் வீட்டை விற்று, பஸ் அளவுக்கு ஒரு வீட்டு வண்டி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. பின்னால் ஒரு சின்ன காரைக் கம்பி போட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு இந்த உலகத்தில் வேறு வீடு கிடையாது.

டெல்மர் ஓட்டுவார், வெர்லா வழி சொல்லுவாள். வாங்கிய முதல் வாரத்தில் அவள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள், கம்பத்தில் உரசிவிட்டாள். டெல்மர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் போல. என்ன வார்த்தை என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன், வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. அவ்வளவு அழுத்தக்காரி.

போன ஜனவரியில் டெல்மருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டன, கைத்தடியோடு நடப்பார், பேச்சும் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று. கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். தட்டில் வலது பாதிச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு முடித்துவிட்டேன் என்பார். முகத்தில் வலது கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டு வந்து நிற்பார். நாங்கள் சிரிக்கவில்லை. அவரே முதலில் சிரித்தார், அப்புறம்தான் நாங்கள் சிரித்தோம்.

மகன் கர்ட் மினியாபோலிஸிலிருந்து பறந்து வந்தான். நல்ல பையன்தான், பயந்த பையன். வண்டியைத் தானே ஓட்டிப்போய் விற்றுவிட்டு, இருவரையும் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் வைத்துவிடுவதாகச் சொன்னான். வெர்லா, தானே ஓட்டப்போவதாகச் சொன்னாள். கர்ட் அம்மாவை மேலும் கீழும் பார்த்தான். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

எங்களைப் போல் வீடு இல்லாமல் சுற்றுகிறவர்கள் பலருக்கும் விலாசம் தெற்கு டக்கோட்டாவில்தான். விலாசம் என்றால் ஒரு தபால் பெட்டி. சில வருஷங்களுக்கு ஒரு முறை அங்கே நேரில் போய், ஒரு ராத்திரி முகாமில் தங்கி, அந்த ரசீதைக் காட்டி லைசன்ஸைப் புதுப்பித்துக்கொள்வோம். வெர்லாவுக்கு இந்த வசந்தத்தில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. உடன்பாடு இதுதான்: அங்கேவரை அவளாக ஓட்டிப் போய்ச் சேர்ந்துவிட்டால் கர்ட் விற்கும் பேச்சை எடுக்கமாட்டான். நடுவழியில் உதவி என்று ஒரு போன் வந்தாலும் அடுத்த விமானத்தில் வந்து சாவியை வாங்கிக்கொள்வான். அவளும் சரி என்றாள். நானும் நெப்ராஸ்காவுக்குத்தானே போகிறேன், என் சின்ன வேனில் அவர்கள் பின்னாலேயே வருவதாகச் சொன்னேன். கர்ட் என்னைத் தனியே கூப்பிட்டு, அம்மா மறைத்தாலும் நீங்கள் மறைக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டான். தலையாட்டித் தொலைத்தேன்.

ஒரு பெரிய கடையின் காலி வாகன நிறுத்தத்தில் தினமும் காலையில் அவளுக்குப் பழக்கினேன். நேராக ஓட்டினாள், அகலமாகத் திருப்பினாள், பிரேக்கைப் பதமாகப் போட்டாள். பின்னால் எடுக்க மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். காரைக் கட்டியிருக்கும்போது யாராலும் பின்னால் எடுக்க முடியாது, கம்பி வளைந்துவிடும். அதனால் அந்த வேலையே வராத வழியாகப் பார்த்துப் போனால் போயிற்று என்பது அவள் வாதம். எனக்குக் கோபம் வந்தது. பஸ் டெப்போவில் இருந்திருந்தால் இவளுக்கு நான் பாஸ் போட்டிருக்கமாட்டேன்.

வழி பேசுகிற நாள் வந்தது. வட்டத்தில் எல்லா ஆண்களும் ஆளுக்கொரு ரோடு சொன்னார்கள். டெல்மர் வரைபடத்தைக் கேட்டு வாங்கி மடியில் விரித்தார். விரல் டெக்சஸ் ஓரத்தில்தான் இறங்கியது. எல் பாஸோ வரை போய், ஐம்பத்து நாலாம் நம்பர் ரோட்டைப் பிடித்து வடகிழக்கே டால்ஹார்ட், அங்கிருந்து முந்நூற்று எண்பத்தைந்து, நேரே வடக்கு. யூட்டா, ஃபிளாக்ஸ்டாஃப் என்று மற்றவர்கள் சொல்லச் சொல்ல, இவர்கள் எந்த நாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது போலப் பார்த்தார். வரைபடத்தின் இடது பாதி அவருக்கு இல்லவே இல்லை.

"அந்த ரோட்டுலயே போவோம்" என்றாள் வெர்லா.

பிறகு நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். பாவம் பார்த்து வழி தேர்ந்தெடுக்கிறாயா, சுற்று வழி, ஊர் பேர் தெரியாத ரோடு என்று கத்தினேன். அவளோ, பாவம் பார்த்ததும் உண்மைதான், ஆனால் ரோட்டையும் பார்த்துவிட்டேன், பெரிய மலை ஏற்றம் எதுவும் இல்லை, எல் பாஸோ ஒன்றுதான் தொல்லை, அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் கடந்துவிடலாம் என்று நிதானமாகச் சொன்னாள். நான் மறுபடி வரைபடத்தைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

கிளம்பினோம். அவள் ஸ்டீயரிங் இருக்கிற இடது இருக்கையில், டெல்மர் வலது இருக்கையில். வலது பக்கத்தில் எது வந்தாலும் அவர் சொல்வார், இடது பக்கத்தை அவள் பார்த்துக்கொள்வாள். டீசல் போட எங்கே நிற்பது என்று போனில் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்வதும் டெல்மரின் வேலை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகிற இடமாக இருக்க வேண்டும். அவர் தேர்ந்தெடுத்ததை, அவர் தூங்கிய பிறகு அவள் ஒரு தடவை பார்ப்பாள். அவருக்குத் தெரியாது. எல் பாஸோவைச் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை காலையில் தாண்டினோம். நகரம் முழுக்க சர்ச்சில் இருந்தது. எனக்கே அப்பாடா என்றிருந்தது.

நியூ மெக்ஸிகோவில் ஒரு சின்ன ஊரில்தான் வந்தது வினை. நிற்கத் திட்டம் போட்ட பெட்ரோல் பங்கில் டீசல் தீர்ந்துவிட்டதாக அட்டை தொங்கியது. டெல்மர் போனைப் பார்த்து, அடுத்த தெருவில் ஒன்று இருக்கிறது, சுற்றி வர நிறைய இடம் என்றார். அவர் பார்த்த பாதியில் நிறைய இடம் இருந்தது உண்மை. மறுபாதியில் எரிவாயுத் தொட்டியும் அதைச் சுற்றிக் கம்பி வேலியும் இருந்தன. வெர்லா பம்பைத் தாண்டித் திருப்பிய பிறகுதான் வேலியைக் கண்டாள். முன்னால் போக வழியில்லை. பின்னால் போகக் கார் விடாது. நான் தெருவிலேயே வேனை நிறுத்திவிட்டு ஓடினேன்.

காரைக் கழற்றலாம் என்றால் அதுவும் ஆகவில்லை. வண்டி திருப்பத்தில் நின்றதால் கம்பி இறுகி, அதைக் காரோடு பூட்டியிருந்த ஆணி அசையவே இல்லை. டெல்மர் கைத்தடியை ஊன்றி இறங்கி வந்து வேலியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அழுதுவிட்டார். எழுபது வயது கடந்த மனுஷன், மீசையெல்லாம் நனைய நடுப்பகலில் பெட்ரோல் பங்கில் நின்று அழுகிறதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"பாதிய விட்டுட்டேன் வெர்லா. கர்ட்டுக்குப் போன் போடு. போதும்."

போன் என் பையில் இருந்தது. கையும் போனது, பொய் சொல்வானேன். வெர்லா என்னைப் பார்த்தாள். போடாதே என்று அவள் சொல்லவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். டீசல் போட வந்த பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, வேண்டுமானால் நான் எடுத்துத் தருகிறேனே என்று மரியாதையாகக் கேட்டார். எடுக்கச் சொல் என்று நான் ஜாடை காட்டினேன். அவள் நன்றி சொல்லி, கொஞ்சம் பொறுத்திருக்கச் சொன்னாள்.

பிறகு வேலை நடந்தது. நான் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை விட்டேன், அவள் வண்டியை வேலிக்கு ஒரு சாண் இருக்கும்வரை முன்னால் நகர்த்தினாள், கம்பி தளர்ந்தது. பிக்கப்காரர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் ஆணி வெளியே வந்தது. காரை நான் தெருவுக்கு ஓட்டிப்போனேன். இனி வீட்டு வண்டி மட்டும். அதைப் பின்னால் எடுத்தே ஆக வேண்டும்.

எங்கள் உலகத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒருத்தர் ஓட்டுவார், மற்றவர் பின்னால் நின்று கை காட்டுவார். முகாமில் இதை வேடிக்கை பார்க்க நாங்கள் நாற்காலி போட்டு உட்காருவோம். எத்தனை கல்யாணங்கள் அங்கே ஆட்டம் கண்டிருக்கின்றன! இத்தனை வருஷமும் பின்னால் நின்று கை காட்டியது வெர்லா. கை காட்ட நான் போய் நின்றேன். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"மேவிஸ், நீ அந்தப் பக்கம் போ. இந்தப் பக்கம் டெல்மர் நிக்கட்டும்."

"எனக்குத் தெரியாதும்மா, விட்டுடு" என்றார் டெல்மர்.

"என் பக்கத்துக் கடைசியில நில்லு. முன்னால பாத்து நில்லு. வண்டி பூரா உனக்கு வலது பக்கம்தான் இருக்கும். இடது பக்கம் ஒண்ணுமில்ல, வெறும் தெருதான்."

அவர் போய் நின்றார். அவள் சொன்னபடியே வண்டி முழுவதும் அவருடைய வலது பக்கத்தில் வந்தது. கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைத் தூக்கினார். அவள் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்தபடி விட்டாள். கை நின்றால் நின்றாள், அசைந்தால் அசைந்தாள். ஒரு தடவை பம்புக்கு ரொம்பக் கிட்டே வந்தது, டெல்மர் உள்ளங்கையை விரித்தார், அவள் நிறுத்தினாள், ஒடித்தாள், மறுபடி விட்டாள். அந்த யானை மெதுவாகத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை. பிக்கப்காரர் கை தட்டினார். வெர்லா இறங்கி வந்து டெல்மரின் முகத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள்.

கர்ட்டுக்கு நான் போன் போடவில்லை. உதவி என்று ஒரு போன் வந்தால் என்பதுதானே பேச்சு, யாரும் அவனிடம் உதவி கேட்கவில்லையே. டெக்சஸில் காற்று அடித்தது, ஒரு நாள் முகாமிலேயே கிடந்தோம். கொலராடோ சமவெளியில் கோதுமை பச்சையாக நின்றது. என் ஊருக்குத் திரும்பும் கிளைச்சாலை வந்தபோது நான் திரும்பவில்லை. கடைசிவரை பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

தெற்கு டக்கோட்டாவில் முகாமுக்குக் கர்ட் வந்திருந்தான். வெர்லா அன்று காலையில்தான் புது லைசன்ஸ் வாங்கியிருந்தாள். அவன் சட்டைப் பையில் அந்த அடுக்குமாடியின் விளம்பரத் தாள் எட்டிப் பார்த்தது. சொன்ன சொல்லை மீற மனசில்லை, விட்டுவிடவும் மனசில்லை, பாவம். டெல்மர் வெளி மேஜையில் வரைபடத்தை விரித்து, அடுத்த குளிர்காலத்துக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தார். லூயிசியானா, அலபாமா, ஃபுளோரிடா என்று விரல் ஓடியது. கர்ட் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு அம்மாவை வண்டிப் பக்கம் இழுத்து வந்தான். நான் அங்கேதான் காப்பியோடு நின்றிருந்தேன், என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை.

"அம்மா, அப்பாவுக்குக் கலிஃபோர்னியாவே இல்ல. ஓரிகன் இல்ல. பாதி நாடே இல்லம்மா. உனக்குத் தெரியுதா இல்லையா?"

"தெரியும்டா" என்றாள் வெர்லா. "அந்தப் பாதி என்கிட்ட இருக்கு."

கர்ட் மேஜைக்குப் போனான். அப்பாவின் வலது பக்கமாக இடம் பார்த்து பெஞ்சில் உட்கார்ந்து, எந்த வழியாகப் போகப்போகிறீர்கள் என்று கேட்டான்.