நீலம் ஏறிய உருண்டை

பரிமளா தேசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, சேவூரை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர். படத்தைக் காட்டி உணவுச் சங்கிலி சொல்வது அவருக்குப் பிடிக்காது. பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க ஏதாவது வேண்டும். அதனால் அவர் வகுப்புக்கு மற்ற ஆசிரியர்கள் வைத்த பெயர் 'குப்பைப் பாடம்'.

பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தில் கூகை என்கிற ஆந்தை ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. விழுங்கிய எலியின் எலும்பையும் மயிரையும் கூகை உருண்டையாகக் கக்கிவிடும். அவற்றைப் பொறுக்கி, கையுறை மாட்டிக்கொண்டு ஊசியால் பிரிக்கச் சொன்னார். உள்ளே எலி மண்டையோடுகள். நெல்லை எலி தின்கிறது, எலியைக் கூகை தின்கிறது என்பதை ஏழாம் வகுப்பு அந்த எலும்புகளை அட்டையில் ஒட்டிக் கற்றுக்கொண்டது.

செய்தி வீடுகளுக்குப் போயிற்று. மாணவி லாவண்யாவின் அப்பா பரசுராமன் பட்டு நெய்கிறவர். தெருக்காரர்கள் சிலரோடு வந்தார்.

"இன்னா டீச்சர், பாடம் நடத்துங்கன்னா சாவுக்குருவி கக்கினத கிளறிகினு இருக்கீங்க? அது கத்துற தெருவுல ஒரு உசுரு போவும். கூட்டைக் கலைச்சிடுங்க."

"உங்க பாவைக் கடிக்கிறது எதுங்க? எலிதானே? அதைப் பிடிக்கத்தான் இது ராத்திரியெல்லாம் சுத்திகினு இருக்கு. குஞ்சு பறக்கிற வரைக்கும் விடுங்க."

பாவு என்பது தறியில் நீளவாட்டில் பூட்டிய பட்டிழை. எலி அதில் வாய் வைத்தால் சேலையே போயிற்று. பரசுராமன் கொஞ்சம் யோசித்தார்.

"சரிங்க. உங்க குருவி ஒரு பக்கம், எங்க எலி மருந்து ஒரு பக்கம். எது ஜல்தியா முடிக்குதுன்னு பாத்துடுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். பரிமளாவும் சிரித்தார். கூடு தப்பியதே என்ற நிம்மதியில் அந்தப் பேச்சை அவர் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் ஓர் உருண்டையைப் பிரித்த லாவண்யா நிமிர்ந்தாள். "டீச்சர், இதுல மயிரெல்லாம் நீலமா கீது. எங்க தறிக்குழியில வெச்ச எலி மருந்து இதே கலருதான்."

அன்று மாலை பரிமளா பஸ்ஸை விட்டுவிட்டு வீடு வீடாகப் போனார். மருந்து தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடும், கூகைக்கு அதுதான் சுலபமாகச் சிக்கும் என்று சொன்னார். பரசுராமன் தறியில் ஒரு கல்யாணச் சேலைக்கான பாவு அப்போதுதான் ஏறியிருந்தது.

"இதை எலி கடிச்சா உங்க குருவி வந்து நெய்ஞ்சு குடுக்குமா, டீச்சர்?"

மருந்தை யாரும் எடுக்கவில்லை.

உருண்டைகள் குறைந்தன. பிறகு ஒரு காலை, உத்தரத்துக்குக் கீழே கூகை கிடந்தது. அலகில் ரத்தம் உறைந்திருந்தது. பரிமளா ஏணி வைத்து ஏறினார். குஞ்சுகளும் கழுத்து தொங்கிக் கிடந்தன. தாய் ஊட்டியதும் அதே எலிகளைத்தான்.

"பீடை தொலைஞ்சுது" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் அவர் கரும்பலகையில் நெல், எலி, கூகை என்று இடையில் அம்புக்குறி போட்டு எழுதி, கடைசிச் சொல்லை அழித்தார். எலி என்ற சொல்லுக்குப் பிறகு அம்புக்குறி மட்டும் நின்றது.

லாவண்யா கையைத் தூக்கினாள். "டீச்சர், எங்க பூனையும் எலி தின்னும். நேத்துலேர்ந்து பாலைக்கூட மோந்து பாக்கல. தறிக்குழியாண்ட வெளையாடுற சின்னத் தம்பி மடியிலயே படுத்துகினு கீது. அதுக்கும் ஏதாவது ஆயிடுமா?"

பரிமளா சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"தம்பி எங்கே இருக்கான் இப்போ?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு நடந்தார்.