நாளைக் காலை எட்டு மணி

'அனுப்பு' பொத்தானை அழுத்தியதும் எனக்கு முன் நாற்காலிக்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். மடல் கிளம்ப இன்னும் எத்தனை நொடி என்று திரையில் முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று எண் இறங்கும். நான்குக்கு வரும்போது ஒரு கை மட்டும் வெளியே வந்துவிடும். மடலை நிறுத்தி, 'வணக்கம்' என்பதற்குப் பின்னால் இருக்கும் காற்புள்ளியை எடுப்பார். மறுபடி அனுப்புவார், மறுபடி கைமேல் உட்காருவார். மூன்றாவது தடவை அதே காற்புள்ளி திரும்பி வந்திருக்கும். இவ்வளவும், பதினொரு மணிக்கு மீட்டிங் உண்டு என்று ஆறு பேருக்குச் சொல்வதற்கு. அந்த ஆறு பேரும் அதே அறையில்தான் இருக்கிறோம்.

எங்கள் கம்பெனி மின்னஞ்சல் புரோகிராம் ஒன்றைத் தயாரிக்கிறது. அதில் 'பிறகு அனுப்பு' என்ற வசதியை வடிவமைப்பவர் இவர். இன்றைக்கு எழுதி வைத்தால் போதும், நீங்கள் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் மடல் தானே கிளம்பிப் போகும். நேரம் எதுவும் சொல்லாவிட்டால் மறுநாள் காலை எட்டு மணி. அதனால் ஆபீசில் இவருக்கு 'நாளைக்காலை' என்றே பெயர். அவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. கோபப்படலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார், ஒன்றரை வருஷமாக.

நான் அந்தப் புரோகிராமுக்கு உதவிக் குறிப்புகள் எழுதுகிற ஆள். திரையில் திடீரென்று முளைக்கும் எச்சரிக்கைகளும் என் கைவண்ணம்தான். என் நாற்காலி அவருக்கு நேர் பின்னால். பார்க்க வேண்டாம் என்று இருந்தாலும் கண்ணில் படும்.

மெஷினில் காப்பி பிடித்து வந்து ஒரு காகிதத்தால் மூடி வைப்பார். நன்றாக ஆறிய பிறகு, ஆறிப்போச்சே என்று முகம் சுளித்தபடி குடிப்பார். லிஃப்ட் வந்து கதவு திறந்தால், அடுத்ததில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று ஒதுங்கி நிற்பார். யாராவது அவசரப்படுத்தினால் ஒரே பதில்தான். "இருக்கட்டுமே, என்ன இப்போ? அவசரப்பட்டு எதைக் கண்டோம்?" தள்ளிப்போட்டு எதைக் கண்டோம் என்று திருப்பிக் கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

யூசர்கள் விஷயத்தில் மட்டும் மனிதர் அடியோடு வேறு. ஒவ்வொரு மடலுக்கும் கீழே 'கருத்துச் சொல்ல' என்று ஒரு சின்னக் கட்டம் வைத்திருக்கிறார். மடலை அனுப்பியவரோ பெற்றவரோ, அதில் முகம் தெரியாத எவர் எதைக் கிறுக்கினாலும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போய்விடும். அப்போது கை தயங்காது, காற்புள்ளி இடம் மாறாது. வந்த கருத்துகளை ஒரு பெரிய அட்டவணையில் ஏற்றி, வரிசைவரிசையாக நிறம் பூசுவார். பச்சை என்றால் செய்தாயிற்று. சிவப்பு என்றால் முடியாது. மஞ்சள் என்றால் பரிசீலனையில் இருக்கிறது. அட்டவணையைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும், அத்தனை மஞ்சள்.

தலைமை ஆசிரியரைத் திட்டி எழுதிய மடலை, தன் கோபம் ஆறும்வரை பிடித்துவைக்கக் கேட்டார் ஓர் ஆசிரியை. வெள்ளிக்கிழமை எதிராளி ஆபீசைப் பூட்ட ஒரே ஒரு நிமிஷம் இருக்கும்போது மடல் போய்ச் சேரவேண்டும் என்றார் ஒரு வக்கீல். இவற்றையெல்லாம் வாய்விட்டுப் படித்துவிட்டு, "நான் மனுஷங்க மனசைப் படிக்கிறேன்" என்பார் நாளைக்காலை. வீட்டு மனுஷர்கள் அதில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

அவருக்கு ஓர் அக்கா உண்டு, வேறு ஊரில். தாயாரைப் பதினொரு வருஷமாக வைத்துப் பார்ப்பது அந்த அக்காதான். இப்போது அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். இரண்டு மாதம் அம்மாவை நீ வைத்துக்கொள், நீ சொன்னால்தான் ஆஸ்பத்திரியில் தேதியை உறுதிசெய்வேன் என்று தம்பிக்கு எழுதியிருந்தார். வரச்சொல்லுங்கள், அந்த ரூம் சும்மாத்தானே கிடக்கிறது என்று இவர் மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாராம். அது சும்மா கிடக்கிற ரூம் இல்லை, நான் யோசிக்கிற ரூம் என்று இவர் எங்களிடம் விளக்கினார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார். அக்காவுக்கு இரண்டு மடல்கள் எழுதி வைத்திருந்தார். ஒன்றில், அம்மாவை அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னொன்றில், இந்தத் தடவை தோதுப்படாது, வேறு ஏற்பாடு செய்துகொள். இரண்டுக்கும் நாளைக் காலை எட்டு மணி. "எவ்வளவு வசதி பாருங்க. காலையில எது சரின்னு தோணுதோ அதை விட்டுட்டு இன்னொண்ணை அழிச்சிடலாம்" என்றார். தினமும் ஏழே முக்காலுக்கு வந்து உட்கார்ந்து, இரண்டையும் மறுநாளைக்குத் தள்ளினார். பத்தொன்பது காலைகள் இப்படியே போயின. அக்கா கூப்பிட்டால் போன் மேசைமேல் கிடந்து துடிக்கும். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு யூசருக்குப் பதில் எழுதுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில் ஒரே மாதிரியான புகார்கள் குவிந்தன. தள்ளித் தள்ளிப் போட்டு மடல் போகவே இல்லை என்று பலர். வேலைக்கு விண்ணப்பம் போகாமலே கடைசி நாள் கடந்துவிட்டது என்று ஒருவர் அழாத குறையாக எழுதியிருந்தார். நாளைக்காலையின் மனசு இளகிவிட்டது. மூன்று தடவைக்கு மேல் தள்ள முடியாது, குறித்த நேரத்தில் மடல் போயே தீரும் என்று சட்டம் கொண்டுவந்தார். புதிதாக எது செய்தாலும் முதலில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் போட்டுப் பார்ப்பது வழக்கம். புரோகிராம் எழுதும் பெண், ஏற்கெனவே தள்ளிவைத்து நிற்கிற மடல்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தாம்மா" என்றார் இவர், கண்ணிமைக்காமல். "முடிவெடுக்கத் தெரியாதவங்களுக்கு நாமதான் எடுத்துக் கொடுக்கணும்."

மறுநாள் ஏழே முக்காலுக்கு வழக்கம்போல் வந்து இரண்டு மடல்களையும் தள்ளப் போனார். 'இனித் தள்ள முடியாது. எட்டு மணிக்கு மடல் போய்விடும்' என்று எச்சரிக்கை வந்தது. நான் எழுதியதுதான், கொட்டை எழுத்தில். அதைப் படிக்காமலே 'சரி' என்று அழுத்தினார், முதல் மடலுக்கு ஒரு தடவை, இரண்டாவதற்கு ஒரு தடவை. பிறகு காப்பி பிடிக்கப் போய்விட்டார். நான் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். அவசரப்பட்டு எதைக் கண்டோம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பதினொரு மணி மீட்டிங்கில், சுவரில் இருக்கும் பெரிய திரையில் அட்டவணையைப் போட்டு, அன்று வந்த கருத்துகளை உரக்கப் படித்தார். நாலாவது கருத்து இப்படித் தொடங்கியது: "ஐயா, இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு ஒரே ஆள்கிட்ட இருந்து எனக்கு ரெண்டு மெயில் வந்துச்சு. ஒண்ணு சரிங்குது, இன்னொண்ணு முடியாதுங்குது." படிப்பதை நிறுத்திச் சிரித்தார். எப்படிப்பட்ட மடையன்கள் எல்லாம் நம்ம புரோகிராமில் இருக்கிறான்கள் பாருங்கள் என்றார். நாங்களும் சிரித்தோம். அப்புறம் மேலே படித்தார்.

"மூணு வாரமா போனை எடுக்காதவன், இந்தக் கட்டத்துல எழுதினா ஒரு மணி நேரத்துல பதில் போடுவான்னு அவன் பெண்டாட்டிதான் சொன்னா. சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும். முதல் மெயிலைப் படிச்சுக் காட்டினதும் அம்மா..."

குரல் அங்கேயே நின்றுவிட்டது. மிச்சத்தைத் திரையில் நாங்களே படித்துக்கொண்டோம். முதல் மெயிலைப் படிச்சுக் காட்டினதும் அம்மா பெட்டியைக் கட்டிட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டா. ரெண்டாவதை நான் இன்னும் படிச்சுக் காட்டலை. காட்டட்டுமா, வேண்டாமா?

ஒருவர் இருமினார். புரோகிராம் எழுதும் பெண் எழுந்து கதவைத் திறந்தார். "சார், போன் பண்ணிடுங்க. நாங்க வெளியில இருக்கோம்" என்று மெதுவாகச் சொன்னார். நாளைக்காலை தலையை ஆட்டினார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றோம். உள்ளே போன் மேசைமேல் கவிழ்ந்தே கிடந்தது. கையை அதன்மேல் வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

பெரிய திரையை அணைக்க மறந்திருந்தார். அம்புக்குறி அக்கா எழுதிய வரிசைக்கு நகர்ந்து, பதில் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேலே ஏறி நிறங்கள் இருக்கும் இடத்துக்குப் போனது. பச்சையைத் தாண்டியது, சிவப்பைத் தாண்டியது. அந்த வரிசை முழுவதும் மஞ்சளானது.