டீச்சரின் வலது கால்

பேருந்து வேகத்தடையை நெருங்கும் முன்பே அவருடைய வலது கால் தரையை மிதித்துவிடுகிறது. ஓட்டுநர் பிரேக் பிடிப்பது அதற்குப் பிறகுதான். பேருந்தில் மட்டுமில்லை. லிஃப்ட் கீழே இறங்கும்போது மிதிக்கிறார். பல் மருத்துவரின் நாற்காலி பின்னால் சாயும்போது மிதிக்கிறார். கடையில் யாராவது தள்ளுவண்டியைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால், சோப்பு அடுக்குக்கு முன் நின்றபடி மிதிக்கிறார்.

எல்லோருக்கும் அவர் டீச்சர். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பழகுகிறவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் டீச்சரின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். ஆண்டுக்கணக்கில் அதன்மேலேயே குடியிருந்த கால், இப்போது பிரேக் இல்லாத இடங்களிலும் அதைத் தேடுகிறது.

"முன்னாடியே பிடி. பிரேக்குங்கறது மன்னிப்பு மாதிரி. முட்டினதுக்கப்புறம் கேட்டா யாருக்குப் புண்ணியம்?" என்பது முதல் நாள் பாடம். கடைசி நாள் பாடமும் அதுதான்.

அவரிடம் பழகியவர்களைச் சாலையில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். குறுக்கே ஒரு பூனைகூட இல்லாதபோது எந்த வண்டியின் பின்விளக்கு திடீரென்று சிவக்கிறதோ, அது டீச்சரின் கைவண்ணம். என் வண்டியும் அதில் சேர்த்தி.

இப்படிப்பட்டவர்தான் ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பயிற்சிப் பள்ளியைப் பூட்டிவிட்டு ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். ஞாயிறு மாலை வரை யாருக்கும் பாடம் கிடையாது. இந்த முறை பின் இருக்கையில் எனக்கும் இடம் கிடைத்தது. முன்னால் அவருடைய கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் பந்தயம் பார்க்க வருவதில்லை. மனைவி பந்தயம் பார்ப்பதைப் பார்க்க வருகிறார். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு, கையில் குறுக்கெழுத்துப் புதிர். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

போனதும் பள்ளியின் காரில்தான். கூரையில் பெயர்ப்பலகை, பின்கண்ணாடியில் 'பழகுநர், விலகிச் செல்லவும்'. நெடுஞ்சாலையில் லாரிகள் எங்களை முந்தின. அப்புறம் ஒரு டிராக்டர் முந்தியது.

"ஏம்மா, அந்த டிராக்டரையாவது விடாம இருந்திருக்கலாம்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"போகட்டுங்க. அவருக்கு என்ன அவசரமோ."

மைதான வாசலில் வண்டி நிறுத்துமிடத்தைக் காட்டுகிற இளைஞன் கூரைப்பலகையை அண்ணாந்து பார்த்தான். "என்னக்கா, இந்த வண்டியும் பந்தயத்துக்கா?"

"ஆமா தம்பி. போன வருஷப் பந்தயத்துக்குக் கிளம்பினது. இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கேன்."

டீச்சருக்கென்று அங்கே ஓர் இடம் உண்டு. நீண்ட நேர்ப்பாதை முடிந்து கொண்டை ஊசி வளைவு தொடங்கப் போகிற இடத்தில், புல்மேட்டின் அடியில், கம்பி வேலியோரம். பெரிய திரையோ முடிவுக் கோடோ அங்கிருந்து தெரியாது. தெரிவதெல்லாம் வண்டிகளின் முதுகு. அவை நம் எதிரே சீறிக் கடந்து, வளைவை நோக்கிப் பாய்ந்து, சற்றுத் தள்ளி ஒரு டயர் விளம்பரப் பலகையின் அருகே பின்விளக்கு சிவந்து அடங்கும். "முன்னாடி பாக்கறவங்க மூஞ்சியப் பாக்கறாங்க. நான் புத்தியப் பாக்கறேன்" என்கிறார் டீச்சர். மடக்கு நாற்காலி கொண்டுபோகிறார். அதில் பிளாஸ்க்தான் உட்காருகிறது. அவர் நின்றுகொண்டே இருக்கிறார். ஒவ்வொரு வண்டிக்கும் கால் புல்லை மிதிக்கிறது. ஞாயிறு மாலைக்குள் அந்த இடத்தில் புல் செத்துவிடும்.

பக்கத்து இடம் ஒரு பேக்கரிக்காரருடையது. நகக்கண்ணில் மாவு, கையில் படுக்கை விரிப்பில் வெட்டிய சிவப்புக் கொடி. அவர் சிவப்பு அணி. டீச்சர் பச்சை.

"என்ன டீச்சர், உங்க பச்சை இந்தத் தடவை எந்தச் சுத்துல படுக்கும்?"

"உங்க சிவப்பு படுத்ததுக்கு அடுத்த சுத்துல. துணைக்கு ஆள் வேணுமில்ல?"

பெரிய வண்டிகளும் சிறிய வண்டிகளும் ஒரே பாதையில் மணிக்கணக்கில் ஓடுகிற பந்தயம் அது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் பரிசு. ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று பேர் முறைவைத்து ஓட்டுவார்கள். பச்சை வண்டி கடைசி வகை. ஒருவரும் அவருடைய மனைவியின் தம்பியான மைத்துனனும் சேர்ந்து, வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பராமரிக்கிற பழைய வண்டி. பரிசு மேடையின் படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அதற்குத் தெரியாது. ஓர் ஆண்டு இன்ஜின் போனது. ஓர் ஆண்டு சக்கரம். ஓர் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவு தனியாகப் போய்விட்டது. "கதவு போனாலும் நிறுத்தல பாத்தீங்களா? காத்தாட ஓட்டினான்" என்று அதையும் பெருமையாகத்தான் சொல்கிறார் டீச்சர்.

சனிக்கிழமை மதியம், பெட்ரோல் போட்டுச் சக்கரம் மாற்றும் பிட் பகுதியை ரசிகர்களுக்குத் திறந்துவிடுவார்கள். பச்சை வண்டியருகே மைத்துனன் ஸ்பானருடன் குனிந்திருந்தான். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவனுடைய அக்காள் டீச்சரைக் கண்டதும் சிரித்தார். ஆண்டுதோறும் பார்க்கிற முகம்.

"நல்லாப் பாத்துக்குங்க டீச்சர். மூணாவது எடத்துக்குள்ள வந்தாத்தான் அடுத்த வருஷம் இந்த வண்டி. இல்லன்னா வித்துடணும்னு சொல்லிட்டேன். எனக்குத் துணி காயப்போடக் கொட்டகை வேணும்."

டீச்சரின் முகத்தில் பிளாஸ்க் கவிழ்ந்த மாதிரி ஒரு மாற்றம். மைத்துனனிடம் போய் நின்றார்.

"தம்பி, அந்தக் கொண்டை ஊசில போன வருஷம் பாதைய விட்டுச் சரளைக்குள்ள போயிட்டீங்களே."

"ஆமாக்கா. அந்த எடத்துல எப்பப் பிரேக் பிடிக்கறதுன்னே புரியல."

கையெழுத்து வாங்க நீட்டியிருந்த தொப்பியை டீச்சர் திரும்ப எடுத்துக்கொண்டார். முதல் நாள் பாடம் தொடங்கியது. "முன்னாடியே பிடிங்க. பிரேக்குங்கறது மன்னிப்பு மாதிரி..." கையெழுத்துக்கு டீச்சரின் பின்னால் வரிசை நீண்டது. பாடம் முடிந்ததும், "சரிக்கா" என்றான்.

"அவன் தலையாட்டினது சும்மா மரியாதைக்கும்மா" என்றார் கணவர், திரும்பி நடக்கும்போது. "நம்ம பொண்ணும் அப்படித்தான் ஆட்டுவா."

ஞாயிற்றுக்கிழமை பச்சை படுக்கவில்லை. மதியம் தாண்டியும் ஓடியது. பேக்கரிக்காரரின் சிவப்புதான் புகைவிட்டு ஓரங்கட்டியது. அவர் கொடியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். ஒலிபெருக்கி பச்சை தன் வகையில் மூன்றாவது என்று சொன்னபோது எழுந்து உட்கார்ந்தார். கட்சியும் மாறினார். கடைசிப் பகுதியை ஓட்ட மைத்துனன் ஏறினான்.

அப்புறம் கறுப்பு வண்டி வந்தது. அதே வகையில் நான்காவது. நேர்ப்பாதையில் நன்றாகப் பின்தங்கியே வந்தது. ஆனால் எங்கள் வளைவில் ஒவ்வொரு முறையும் பச்சையின் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டது. காரணம் கண்ணெதிரே இருந்தது. மற்ற வண்டிகளெல்லாம் டயர் விளம்பரப் பலகைக்குப் போய்ச் சிவந்தன. பச்சையோ எங்கள் எதிரிலேயே சிவந்தது.

அடுத்த சுற்று, மறுபடியும் எங்கள் எதிரிலேயே. டீச்சரின் கால் புல்லை மிதித்த அதே நொடியில்.

டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அடப்பாவி, நான் சொன்னதக் கேட்டுட்டானே!"

"அவனுக்குப் பிரேக் தேஞ்சிருக்கும்மா" என்றார் கணவர். ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்திருந்தார். "நீ சொன்னதாலயா?"

"எனக்குத் தெரியாதா? அது என் பிரேக். நான் சொல்லிக்குடுத்த பிரேக்." கம்பியை உலுக்கினார். "ஊரு முழுக்கச் சொல்றேன், ஒருத்தன் கேக்க மாட்டேங்கறான். கேக்கக் கூடாதவன் போய்க் கேட்டிருக்கான் பாருங்க!"

வேலிக்குள் மூக்கை விட்டு, "தம்பி! மறந்துடு! எல்லாத்தையும் மறந்துடு!" என்று கத்தினார். இன்ஜின்களின் இரைச்சலில் அது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் கறுப்பு இன்னும் நெருங்கியது. அதன் மூக்கு பச்சையின் பக்கவாட்டில் எட்டிப்பார்க்கத் தொடங்கியது.

"கடைசிச் சுத்து" என்றார் பேக்கரிக்காரர், ஒலிபெருக்கிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு. "கறுப்பு இந்த வளைவுல தாண்டினாத்தான் உண்டு டீச்சர். இதுக்கப்புறம் முடிவுக் கொடி வரைக்கும் ஒரே குறுகல். யாரும் யாரையும் முந்த முடியாது."

டீச்சர் கீழே குனிந்து தன் வலது காலைப் பார்த்தார், பாடத்தைக் கெடுக்கிற மாணவனைப் பார்ப்பதுபோல.

நேர்ப்பாதையின் மறுகோடியிலிருந்து சத்தம் முதலில் வந்தது. பின் பச்சை. ஒட்டிக்கொண்டு கறுப்பு. இரண்டும் எங்களை நோக்கிப் பெருத்தன. டீச்சர் இரண்டு கைகளாலும் வேலிக் கம்பியைப் பற்றினார். வலது காலைத் தரையிலிருந்து தூக்கினார்.

பச்சை எங்கள் எதிரே கடந்தது. சிவக்கவில்லை. கறுப்பின் பின்விளக்குதான் முதலில் சிவந்தது. பச்சை விளம்பரப் பலகையைத் தாண்டி, அதற்கும் அப்பால் போய், சரளையின் விளிம்பில் சிவந்தது. சக்கரங்கள் வெள்ளையாகப் புகைந்தன. வண்டி ஒருமுறை வாலை ஆட்டிவிட்டு வளைவுக்குள் திரும்பிக் குறுகலில் நுழைந்தது. கறுப்பு பின்னால்தான் போனது.

பேக்கரிக்காரர் சிவப்புக் கொடியைப் பச்சைக்காக வீசிக் குதித்தார். கண்ணாடிக்கடைக்காரர் இன்னொரு காதின் பஞ்சையும் எடுத்துவிட்டு மனைவியின் தோளைத் தொட்டார். "போயிட்டாம்மா. தப்பிச்சுப் போயிட்டான்."

டீச்சர் தலையாட்டினார். கண் வளைவின் மேலேயே இருந்தது. செருப்பு நழுவிப் புல்லில் விழுந்து கிடந்தது. வலது கால் மட்டும் இன்னும் கீழே இறங்கவில்லை.