பெரியம்மாவின் நிறம்

எனக்கு இரண்டு பெரியம்மாக்கள். குழப்பம் வராமலிருக்க எங்கள் வீட்டில் ஒருவர் வெள்ளைப் பெரியம்மா, மற்றவர் கறுத்த பெரியம்மா. பேசப் பழகிய நாளிலிருந்தே நானும் அப்படித்தான் கூப்பிட்டு வந்தேன்.

ஜெர்மனியின் ஹம் நகரத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, நிறத்தால் ஒதுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்த தலைவர் ஒருவரை டேப்லெட்டில் வரையச் சொன்னார் ஓவிய ஆசிரியை. மற்றப் பிள்ளைகள் இணையத்தில் கிடைத்த பிரபலங்களை வரைந்தார்கள். நான் கறுத்த பெரியம்மாவை வரைந்தேன். முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை. வெளிநாட்டுப் பெண்களுக்கு மட்டும் எல்லா ஞாயிறும் வேலை போட்ட மேலாளரின் அறைக்குள் பதினொரு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சண்டை பிடித்து, அட்டவணையை மாற்ற வைத்தவர். இதைவிட வேறென்ன தலைவர் வேண்டும்?

அவருடைய நிறத்தைப் பிடிக்க மூன்று நாள் மினக்கெட்டேன். பால்கனி வெளிச்சத்தில் அவர் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். அவரும் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

கண்காட்சியன்று மண்டபத்துச் சுவரில் என் படம் அச்சாகி ஆளுயரத்துக்குத் தொங்கியது. பெரியம்மா அதில் கோதுமை நிறத்தில் இருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் பெரியம்மாவை வெளுக்க நீங்கள் யார், கொண்டாடுகிறோம் என்று சொல்லிவிட்டு நிறத்தையே துடைப்பீர்களா என்று அத்தனை பேர் முன்னால் ஆசிரியையைப் பார்த்துக் கத்தினேன். அவர் முகம் சிவந்து நின்றார்.

பெரியம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவவை ஏசாதை பிள்ளை. நான்தான் கேட்டனான்."

ஒருவரின் படத்தைப் பள்ளியில் மாட்ட அவருடைய ஒப்புதல் கையெழுத்து வேண்டும்; அந்த விஷயத்தில் இந்த நாடு கண்டிப்பு. கண்காட்சிக்கு முதல்நாள் கையெழுத்துப் போட வந்தவர், கொஞ்சம் வெள்ளையாக்கினால்தான் போடுவேன் என்று ஆசிரியையிடம் பிடிவாதமாக நின்றிருக்கிறார்.

"ஏன்?"

"எல்லாரும் பாக்கிற இடமெல்லோ."

மேலாளருக்குப் பயப்படாதவர் தன் தோலுக்குப் பயப்படுவதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கறுத்த பெரியம்மா, இனி நான் உங்களோட கதைக்க மாட்டன்!"

அங்கு நின்ற தமிழர்கள் சிலர் திரும்பி, படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பெரியம்மா என் கையை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் என் ஆத்திரம் அடங்கவில்லை. அம்மாவிடம் குதித்தேன்.

"ஆர் எங்கட கறுத்த பெரியம்மாவைக் கறுப்பெண்டு பழிச்சது? சொல்லுங்கோ, நான் போய்க் கேக்கிறன்!"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.