டேப் ரெக்கார்டர் முன்னால் அப்பா

மொரப்பூர்ப் பக்கம் எங்கள் ஸ்டேஷன். பெயரைச் சொல்ல மாட்டேன். எதையும் எழுத்தில் கொடுப்பது அப்பாவுக்கு இன்றுவரை ஆகாது. அங்கே தண்டவாளத்தை ஒட்டி, மாடி வைத்த பழைய சிக்னல் கேபின் ஒன்று இன்னும் நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். பிள்ளைகள் இரும்பு லீவர்களைப் பிடித்து இழுத்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அது இடிபடாமல் தப்பித்த நாளன்று நான் அப்பாவோடு பேச்சை நிறுத்தினேன். அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேபினில்தான் அப்பாவுக்கு வேலை. லீவரை இழுத்தால் தூரத்துக் கம்பத்தில் சிக்னல் கை இறங்கும், ரயில் போகும். இழுக்காவிட்டால் எவ்வளவு பெரிய ரயிலாக இருந்தாலும் நின்றுதான் ஆகவேண்டும். சாப்பிடும்போது அப்பா கேபின் கதைகளாகச் சொல்லுவார். எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், நான் பிறந்த கதை.

பட்டப்பகலில் அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் சாயங்காலம்தான். சேலம் போகிற எக்ஸ்பிரஸோ எங்கள் ஸ்டேஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அன்றைக்கு அப்பா லீவரைத் தொடவே இல்லையாம். எக்ஸ்பிரஸ் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு பிளாட்பாரத்தில் நின்றதாம். அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி, கடைசியில் இருந்த கார்டு பெட்டியில் ஏற்றினார்களாம். இந்தக் கதையை வைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்தில் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு பட்டனை அழுத்தினால் வேலை செய்யும் சிக்னல் வந்தது. அப்பாவுக்குப் புதுக் கட்டடத்தில் வேறு வேலை கொடுத்தார்கள். கேபினை இடித்துவிடப் போவதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வேலை முடிந்ததும் சும்மாவாவது அங்கே ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

அப்போதுதான், ரயில்வேயின் பழைய பொருள்களைப் பாதுகாக்கிற மேடம் ஒருவர் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் பெயிண்ட் அடிப்பது ரயில்வேக்காரர்களின் ரத்தத்தில் ஊறியது. அப்பாவும் கூட்டாளிகளும் லீவர்களுக்கெல்லாம் பளபளவென்று பெயிண்ட் அடித்து, கீழே கிடந்த ஜல்லிக்கல்லுக்குக்கூடச் சுண்ணாம்பு பூசினார்கள். பழசைத் தேடி வந்த அந்த மேடம் படியேறி வந்து ஒரு லீவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலில் ஒட்டிய பெயிண்டைத் துடைத்துக்கொண்டார்.

"இதே மாதிரி கேபின் லைன் நெடுக இருக்குதுங்க. இதை மட்டும் ஏன் விட்டு வைக்கணும்னு மேல கேப்பாங்க. இங்க நடந்தது ஏதாச்சும் சொல்லுங்க, அதை வச்சுத்தான் நான் பேசிப் பாக்கணும்" என்று சொல்லி, சின்ன டேப் ரெக்கார்டர் ஒன்றை ஜன்னல் கட்டையில் வைத்து அமுக்கினார்.

அப்பா சட்டென்று விறைப்பாக எழுந்து நின்றார்.

"எல்லாம் ரூல்படிதாங்க நடந்துச்சு."

"மறக்க முடியாத நாள் ஏதாச்சும்?"

"அப்படி எதுவும் இல்லீங்க மேடம்."

"வண்டி எதையாச்சும் நிறுத்த வேண்டி வந்துச்சுங்களா?"

சின்னப் பிள்ளை என்று யாரும் விரட்டாததால் மேல்படியில் உட்கார்ந்திருந்த நான் நிமிர்ந்தேன். இதோ, என் கதை வரப்போகிறது. கேபினும் பிழைத்துவிடும், நானும் டேப்பில் ஏறிவிடுவேன்.

"இல்லீங்க. எந்த வண்டியும் நிறுத்தினதில்லீங்க."

தடதடவென்று படியிறங்கி ஓடினேன். கீழே மேடத்துக்கு மோர் கொண்டுவந்த அம்மாவின் மேல் மோதி, "ரயிலு நிக்கவே இல்லைன்னு அப்பா சொல்லிட்டாரும்மா" என்று அழுதேன். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்கிற சட்டத்துக்குப் பயந்து அத்தனை வருடமாக அந்தப் படியில் கால் வைக்காத அம்மா, மோர்ச் சொம்போடு மேலே ஏறிப் போனாள்.

மேலே நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான். "மேடம், அந்தப் பொட்டிய அமத்திட்டுக் கேளுங்க. அது ஓடுற வரைக்கும் இவரு வாயத் தொறக்க மாட்டாரு" என்றாளாம். மேடம் அமத்தியதோடு பேட்டரியையும் கழற்றி வெளியே வைத்தாராம். அதன்பிறகு அப்பா வாயை மூடினாரா என்ன. பொழுது சாயும் வரை பேச்சுத்தான். எக்ஸ்பிரஸ் நின்ற கதையை, யார், எந்த வருடம் என்று ஒன்றும் இல்லாமல் மேடம் எழுதிக் கொண்டுபோய்த்தான் கேபினைக் காப்பாற்றினார்.

நான் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சிரித்த முகமாக வந்தார். "கேபினை இடிக்க மாட்டாங்க பாப்பா, அந்தம்மா பாத்துக்கறேன்னுட்டாங்க."

"எனக்காக ரயிலு நின்னுச்சா, நிக்கலையா?"

அப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். இதுவரை நான் அலட்டியதைப் பிள்ளைக் கதை என்று விட்டிருப்பார்கள்; மேடம் வந்த அன்றைக்கு அவரே ஆமாம் என்றால் மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்ன மாதிரி.

"வூட்டுக்குப் போலாம் வா, பசிக்குது" என்றார்.

கை நீட்டினார், நான் பிடிக்கவில்லை. நானும் எல்லாரையும் போல பஸ்ஸில் போய்ப் பிறந்தவள்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். யாராவது கேள்வி கேட்டுப் பதிவு செய்தால் ரயில்வேயில் அதற்கு விசாரணை என்று பெயர். எக்ஸ்பிரஸை நிறுத்தியது எத்தனை வருடம் கழித்துத் தெரிந்தாலும் வேலைக்கு ஆபத்து. உயிராக நினைத்த கேபின் இடிந்தாலும் இடியட்டும் என்று அப்பா ரூலைச் சொல்லிக்கொண்டு நின்றது எங்கள் சோற்றுக்காக. ரயிலை நிறுத்தியதும் எனக்காகத்தான், நிறுத்தவே இல்லை என்று சொன்னதும் எனக்காகத்தான். அது தெரியாமல் அன்றைக்கு அப்பா ஊட்ட வந்த முதல் கவளத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.