உத்திரமேரூர் – செங்குன்றம்: தொண்ணூறு ரூபாய் வாடகைச் சண்டை

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கல்வெட்டுக் கோயிலைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானோ எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே அக்கா வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். செங்குன்றத்து அரிசி மில் ஒன்றில் குமாஸ்தா வேலை காலி என்று கேள்விப்பட்டு, ஒரு தை மாதக் காலை ஐந்தரைக்கு நெல் லாரியில் ஏறினேன். பஸ்ஸில் மூன்று முறை மாற வேண்டும், ஏழு ரூபாய் ஆகும். லாரியில் மூன்றே ரூபாய்.

வண்டி கன்னியப்பனுடையது, ஓட்டுவதும் அவரே. நாற்பது வயதிருக்கும். மனைவியின் நகையை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி எடுத்த லாரி. ஒவ்வொரு மாதமும் தவணை கட்ட வேண்டும். சாலவாக்கம், செங்கல்பட்டு, தாம்பரம் என்று நூறு கிலோமீட்டர் சொச்சம். போய்ச் சேரும்போது மணி பத்து.

எனக்கு வேலை கிடைக்கவில்லை. முந்தின நாளே ஆள் எடுத்துவிட்டார்களாம். வெளியே வந்தால் கன்னியப்பன் மில் சீட்டை நீட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"மூட்டை கரீட்டா எழுதிகீறானா பாரு தம்பி."

"மூட்டை நூறு. வாடகை நானூத்தம்பது."

"எவ்ளோ?"

மறுபடி படித்தேன். வாடகையை மில்லிலிருந்து நேராக வாங்கிக்கொள்வது உத்திரமேரூர் புரோக்கர். மில் தருவது முந்நூற்று அறுபதுதான் என்று சொல்லி, அதிலும் இருபது கமிஷன் பிடித்துக்கொண்டுதான் இவருக்குக் கொடுப்பார். திரும்பும் வழியெல்லாம் கன்னியப்பன் டீக்குக்கூட நிறுத்தவில்லை.

நாலு மணிக்குப் புரோக்கர் ஆபீஸ். லோடுக்காக ஐந்து டிரைவர்கள் காத்திருந்தார்கள்.

"தொண்ணூறு ரூபா எங்க போச்சு மொதலாளி?"

"லோடு புடிக்க செலவு கீதுல்ல?"

"அதுக்குத்தானே இருவது எடுத்துக்கினே?"

"எவன் சொன்னான் ஒனக்கு?"

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். சீட்டில் இருந்ததைச் சொன்னேன். அவர் மற்ற டிரைவர்களிடம் திரும்பி, "ஒங்களுக்கும் இதேதான்டா நடக்குது. கேளுங்கடா" என்றார். ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள்.

புரோக்கர் கோபப்படவே இல்லை. தொண்ணூறு ரூபாயை எண்ணி மேசைமேல் வைத்தார். "எடுத்துக்கினு போ கன்னியப்பா" என்றார், அவ்வளவுதான். ஏதோ பெரிய நியாயத்தை வாங்கிக் கொடுத்துவிட்டதாக அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன்பின் அவருக்கு லோடு வரவில்லை. காஞ்சிபுரத்துப் புரோக்கர்களும் கைவிரித்தார்கள். மூன்று தவணை நின்றதும் கடன்காரர்கள் வண்டியை இழுத்துப் போய் ஏலம் விட்டார்கள். எடுத்தது அதே புரோக்கர்.

சித்திரையில் கன்னியப்பனைச் சாலவாக்கத்தில் பார்த்தேன். அதே லாரியின் ஸ்டீயரிங்கில் இருந்தார், சம்பளத்துக்கு.

"நான் படிச்சுச் சொல்லாம இருந்திருக்கலாம் அண்ணே."

"நீ இன்னா தம்பி பண்ணுவே? அந்த அஞ்சு பேர்ல ஒருத்தன் வாயத் தொறந்திருந்தாக்கூட..." முடிக்காமல் கியரைப் போட்டார்.

எனக்கு இன்றும் அதில் தெளிவில்லை. படித்தது சரி என்றே நினைக்கிறேன். நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

அந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு: தை, மாசி நல்லது, ஏரிகளில் தண்ணீர் இருக்கும். விடிகாலையில் கிளம்புங்கள். வழியில் லாரியில் ஏற நேர்ந்தால் கூலியை முன்பே பேசிவிடுங்கள். வண்டி யாருடையது என்று மட்டும் டிரைவரிடம் கேட்காதீர்கள்.